ஊத்துத் தண்ணிய டெஸ்ட் பண்ணித் தர முடியாதுன்னு சொன்னது

"தம்பி, உங்ககிட்டதான் மருந்து இருக்குல்ல, இதுல எவ்வளவு உப்புன்னு பாத்துச் சொல்லுங்க." நான் வேலை பாக்குற இயற்கை எரிவாயுக் கிணத்து கேட்டுல, ஊத்துத் தண்ணி பாட்டிலோட வந்து நின்ன ஒரு பெரியவர் கேட்டது இவ்வளவுதான், மருந்துன்னு அவர் சொன்னது எங்க லேப்ல உப்பு பாக்குற ரசாயனத்த. நான், "ஐயா, வெளித்தண்ணிய எங்க லேப்ல எடுக்க முடியாது, ராமநாதபுரத்துல குடிநீர் வடிகால் வாரிய லேப் இருக்கு, அங்க குடுங்க"ன்னேன். விதிப்படி அதான் பதில். ஆனா மண்டைக்குள்ள இன்னும் ஓடிக்கிட்டே இருக்கு.

அன்னைக்கு காலைலதான் ஒரு கிணத்தோட பீன, அதாவது கேஸ் வெளிய வர்ற வேகத்தக் கட்டுப்படுத்துற துளைய, 8 மி.மீ-ல இருந்து 6-க்கு கொறச்சிருந்தோம். கேஸ் கிணத்துல தண்ணி வர்றது புதுசு இல்ல, கீழ ஆவியா கேஸோட கலந்து கெடக்குற தண்ணி மேல வர வர பிரஷரும் சூடும் கொறஞ்சு சொட்டா பிரியும், அதுல உப்பு பேருக்குத்தான் இருக்கும். இதெல்லாம் பிரிக்கிற செப்பரேட்டர் தொட்டில கேஸ் மேல போயிரும், கண்டன்சேட்டுன்ற லேசான எண்ணெய் நடுவுல நிக்கும், தண்ணி அடியில தங்கும், அந்த அடித்தண்ணியத்தான் சாம்பிள் புடிச்சு உப்பு, அதாவது குளோரைடு, எவ்வளவுன்னு பாப்போம். பொட்டாசியம் குரோமேட் விட்டா மஞ்சளாகும், அப்புறம் பியூரெட்ல சில்வர் நைட்ரேட்ட சொட்டு சொட்டா விடணும், செங்கல் நெறம் வந்து குடுவைய ஆட்டியும் கலையாம நின்னா முடிஞ்சுது. நல்ல கிணறுன்னா கொஞ்சத்துலயே நெறம் நின்னுரும். அன்னைக்கு பியூரெட் எறங்கிக்கிட்டே போச்சு, மஞ்சள் மாறவே இல்ல. உப்பு அதிகம், கேஸுக்கு அடியில பாறைக்குள்ள கெடக்குற உப்புத்தண்ணி ஏறுதுன்னு அர்த்தம். வேகமா இழுத்தா ஏறத்தான் செய்யும், அதுக்குத்தான் பீன கொறைக்கிறது, ரொம்பக் கொறச்சாலும் தண்ணியத் தூக்குற வேகம் கேஸுக்கு இல்லாம, கேஸ் மேல வர்ற டியூபிங் குழாய்லயே தேங்கி கிணறு செத்துரும்.

அந்தக் கையோட கேட்டுக்கு வந்தா இவர் நிக்கிறாரு. கடற்கரை மணல்ல ஊத்து தோண்டி சிரட்டையால மோந்து குடிக்கிற ஊரு, முன்னாடி இனிச்ச தண்ணி இப்ப கரிக்குது, நீங்க தோண்டுனதுக்கு அப்புறம்தான்னாரு. எங்க கேஸ் ஆயிரம் மீட்டருக்கும் கீழ, உங்க ஊத்து ஆளு உயரம்கூட இல்ல, நடுவுல கேசிங்னு இரும்புக் குழாய், அதச் சுத்தி சிமெண்ட், கசிஞ்சா குழாய்களுக்கு நடுவுல இருக்குற இடைவெளியோட பிரஷரப் பாக்குற ஆனுலஸ் கேஜ் காட்டிரும், ஷிப்டுக்கு ஷிப்ட் பாக்குறோம்னு எல்லாம் சொன்னேன். பொறுமையா கேட்டுட்டு மறுபடியும் பாட்டில நீட்டுனாரு.

ஊத்து கரிக்கிறதுக்கு நாங்க காரணம் இல்லன்னுதான் இப்பவும் நம்புறேன். கடலோரத்துல மழைத்தண்ணி உப்புத்தண்ணிக்கு மேல மிதந்துக்கிட்டு இருக்கு, கடல்மட்டத்துக்கு மேல ஒரு மீட்டர் நல்லதண்ணி நின்னா கீழ சுமார் 40 மீட்டர் வரைக்கும் நல்லதண்ணி இருக்கும்னு கணக்கு. மேல ஒரு மீட்டர் எறங்குனா கீழ இருந்து உப்பு அந்த 40 மீட்டர் அளவுக்கு ஏறும். சுத்தி அத்தன போர்வெல் ஓடுது, ஏறாதா? காலைல எங்க கிணத்துல நடந்த அதே கதைதான். எங்களுக்கு கொறைக்க ஒரு பீன் இருக்கு, அந்த ஊர்ல யாருகிட்ட போய் கொறைக்கச் சொல்றது? இத அவருகிட்ட சொல்லல, உங்க ஊரு மேலதான் தப்புன்னு கேட்டுரும்னு பயம்.

டெஸ்ட் பண்ணாததுக்கு காரணம் இருக்கு. குளோரைடு நம்பர் உப்பு எவ்வளவுன்னுதான் சொல்லும், எங்க இருந்து வந்துச்சுன்னு சொல்லாது. கடல்தண்ணியும் உப்பு, பாறைத்தண்ணியும் உப்பு. நான் துண்டுச்சீட்டுல எழுதிக் குடுத்த நம்பர் திங்கக்கிழமை குறைதீர் நாள்ல மனுவோட கலெக்டர் கைக்குப் போனா, அதுக்கு என்ன அர்த்தம் வேணா சொல்லலாம். இதெல்லாம் சரிதான், ஆனா அப்படி சொட்டு சொட்டா விட்டு அளக்குற டைட்ரேஷனுக்கு அஞ்சு நிமிஷம் போதும், அவர் எங்க மேல சந்தேகப்பட்டுக்கிட்டே எங்க மருந்தத்தான் நம்பி வந்தாரு. அத நெனச்சா மேல சொன்ன காரணம் எதுவும் நிக்க மாட்டேங்குது.

என்னக் கேட்டா, கிணறு தோண்டுறதுக்கு முன்னாடியே சுத்தியுள்ள ஊத்து, கிணறு எல்லாத்துலயும் தண்ணி எடுத்து சோதிச்சு, ரிசல்ட்ட ஊர்க்காரங்க கையில குடுத்துரணும், அப்புறம் வருஷா வருஷம் அதே எடத்துல எடுக்கணும். எங்க ஷிப்ட் இன்சார்ஜ் ஒத்துக்க மாட்டாரு, மழை பொய்ச்ச வருஷம் அதே பேப்பரக் காட்டி நம்மளத்தான் கேப்பாங்க, அப்ப யாரு பதில் சொல்றதுன்றாரு. கேக்கட்டும்னுதான் எனக்குத் தோணுது. பதில் சொல்ற எடத்துல நான் உக்காந்திருந்தா இப்படித் தோணுமான்னு தெரியல.