இ-பாஸ், ஆரல்வாய்மொழி, 14 நாள்: 2020 மே மாதம் நான் ஊருக்கு வந்தது

2020 மே மாதம் நடுவில் அம்மா கிணற்றடியில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்துவிட்டது. ஊர் கன்னியாகுமரி மாவட்டம் திருவட்டாறு பக்கம். நான் சென்னையில். சித்தி போனில் அழுதபடியே சொன்னாள். அறுவை சிகிச்சை முடிந்து வீட்டுக்குக் கூட்டி வந்துவிட்டார்கள். ஆனால் தூக்கி உட்கார வைக்கவும், திருப்பிப் படுக்க வைக்கவும் ஆள் வேண்டும். சித்திக்கும் அறுபது தாண்டிவிட்டது. கொரோனா ஊரடங்கு, ரயில் இல்லை, பஸ் இல்லை. மாவட்டம் விட்டு மாவட்டம் போக, இணையத்தில் விண்ணப்பித்து வாங்கும் இ-பாஸ் என்ற அரசு அனுமதி வேண்டும்.

அப்போது இ-பாஸ் கிடைக்க மூன்று நான்கு காரணங்கள்தான் செல்லும். நெருங்கிய உறவினர் இறப்பு, திருமணம், மருத்துவ அவசரம், வெளியூரில் மாட்டிக்கொண்டவர் ஊர் திரும்புவது. முதல் முறை 'ஊர் திரும்புதல்' என்று போட்டேன். நிராகரித்துவிட்டார்கள். ஏன் என்று ஒரு வரி இல்லை. இரண்டாவது முறை மருத்துவ அவசரம் என்று போட்டு, அம்மாவின் டிஸ்சார்ஜ் சீட்டைப் போனில் படம் பிடித்துச் சேர்த்தேன். அதுவும் போயிற்று. அன்று இரவு அந்தப் படத்தைத் திரும்பத் திரும்பப் பார்த்தேன். அம்மா பெயர் மடிப்பில் மறைந்திருந்தது. என் ஆதாரில் சென்னை முகவரி. இவள் அந்த அம்மாவின் மகள்தான் என்று பார்க்கிறவருக்கு எப்படித் தெரியும்? மூன்றாவது முறை, மருத்துவரிடம் தேதியும் முத்திரையும் போட்ட சான்று வாங்கி அனுப்பச் சொல்லி, அம்மா பெயரும் என் பெயரும் சேர்ந்திருக்கும் பழைய ரேஷன் கார்டு பக்கத்தையும் இணைத்தேன். மறுநாள் காலையில் குறுஞ்செய்தி வந்தது. (ஆகஸ்ட் 17-இல் இருந்து விண்ணப்பித்த எல்லோருக்கும் பாஸ் கொடுத்தார்கள், மாதக் கடைசியில் மாவட்டங்களுக்கு இடையே பாஸே வேண்டாம் என்று ஆயிற்று. மே மாதத்தில் நிலைமை அப்படி இல்லை.)

சித்தி மகனும் சென்னையில்தான் வேலை. அவன் கார் ஓட்டினான். காரில் ஓட்டுநரோடு சேர்த்து மூன்று பேருக்கு மேல் போகக் கூடாது, நாங்கள் இருவர்தான். விடியற்காலை நான்கு மணிக்குக் கிளம்பினோம். புளிச்சோறும் இரண்டு பிளாஸ்க் கட்டன்சாயாவும் கையில். ஏறக்குறைய 700 கிலோமீட்டர். விழுப்புரம், திருச்சி, மதுரை, திருநெல்வேலி என்று பல இடங்களில் நிறுத்திப் பாஸைப் பார்த்தார்கள். சென்னை என்று சொன்னதும் ஜன்னலை விட்டு ஓரடி பின்னால் நகர்வார்கள். கோயம்பேடு சந்தை மூலமாகத் தொற்று பல மாவட்டங்களுக்குப் பரவி, அந்தச் சந்தையையே மே 5-ஆம் தேதி மூடியிருந்த நேரம். அவர்கள் மேல் எனக்குக் கோபம் வரவில்லை.

முப்பந்தல் காற்றாலைகளைக் கண்டதும் ஊர் வந்துவிட்டது என்று மனசு சொன்னது. ஆனால் மாவட்ட எல்லையில், ஆரல்வாய்மொழி சோதனைச் சாவடியில்தான் உண்மையான பயணமே தொடங்கியது. காருக்கு வெளியே இறங்கச் சொன்னார்கள். காய்ச்சல் பார்த்தார்கள். பெயர், போன் நம்பர், எங்கிருந்து வருகிறோம், எந்த வீட்டுக்குப் போகிறோம் என்று எழுதிக்கொண்டார்கள். காற்று அங்கே எப்படி அடிக்கும் என்று நம்மூர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டாம். பேப்பர் பறக்காமல் இருக்க ஒரு பெண் முழங்கையால் அழுத்திக்கொண்டே எழுதினாள். தலை முதல் கால் வரை பாதுகாப்பு உடை, அந்த மே மாத வெயிலில். மூக்கிலும் தொண்டையிலும் குச்சி விட்டு சளி மாதிரி எடுத்தார்கள். கண்ணில் நீர் வந்தது, அவ்வளவுதான்.

அப்புறம்தான் சொன்னார்கள், முடிவு வரும் வரை வீட்டுக்குப் போக முடியாது என்று. கன்னியாகுமரியில் ஒரு விடுதியில் தங்க வைத்தார்கள். சுற்றுலா வருகிறவர்கள் நிறைந்திருக்கும் இடம், காலியாகக் கிடந்தது. ஜன்னலில் கடலும் விவேகானந்தர் பாறையும் தெரிந்தன. படகு ஒன்றுகூட ஓடவில்லை. மூன்று வேளையும் சாப்பாடு கதவுக்கு வெளியே வரும், காலையில் கபசுரக் குடிநீர். குறை சொல்ல எதுவும் இல்லை.

எங்களுக்குப் பின்னால் வந்தவர்களுக்கெல்லாம் இரண்டாம் நாளே முடிவு வந்து போய்விட்டார்கள். எங்களுக்கு மட்டும் வரவில்லை. கேட்டால் 'வரும், இருங்க' என்பார்கள். மூன்றாம் நாள் இரவு நான் தூங்கவே இல்லை. தொற்று இருப்பதால்தான் சொல்லாமல் இருக்கிறார்களோ, அப்படியானால் காரில் பக்கத்தில் உட்கார்ந்து வந்த தம்பிக்கும் நான்தானே கொடுத்திருப்பேன் என்று யோசனை ஓடிக்கொண்டே இருந்தது. நான்காம் நாள் காலை மாவட்டக் கட்டுப்பாட்டு அறையின் 1077-க்குப் போன் செய்தேன். எடுத்தவர் பொறுமையாகத் தேடிப் பார்த்துச் சொன்னார். முடிவு இரண்டு நாள் முன்பே வந்துவிட்டது, இருவருக்கும் தொற்று இல்லை, ஆனால் போன் நம்பரில் ஒரு இலக்கம் தவறு, குறுஞ்செய்தி வேறு யாருக்கோ போயிருக்கிறது. அதனால் இப்போதும் எங்கே பரிசோதனை கொடுத்தாலும், எழுதிய நம்பரைத் திரும்பப் படிக்கச் சொல்கிறேன், மாதிரி எண்ணையும் குறித்துக்கொள்கிறேன். நீங்களும் செய்யுங்கள்.

இதை எழுதுவதற்கு முக்கியக் காரணமே இதுதான். மாவட்ட எல்லையில் பரிசோதித்து, முடிவு தெரியாமல் ஊருக்குள் விடாதது சரியான நடவடிக்கை என்று அன்றும் நினைத்தேன், இன்றும் நினைக்கிறேன். வீட்டுக்கு வீடு முதியவர்கள் இருக்கும் மாவட்டம் இது. ஆனால் அடுத்து என்ன நடக்கும், எத்தனை நாள் ஆகும், யாரைக் கேட்க வேண்டும் என்று ஒரு துண்டுக் காகிதத்தில் அச்சடித்துக் கையில் கொடுத்திருந்தால், எத்தனையோ பேருடைய இரவுகள் நிம்மதியாகக் கழிந்திருக்கும். அடைத்து வைத்ததை என்னால் தாங்க முடிந்தது. ஒன்றும் தெரியாமல் கிடந்ததைத்தான் தாங்க முடியவில்லை.

வீட்டுக்கு வந்தாலும் 14 நாள் தனிமை. மாடி அறைக்கு வெளியிலிருந்து தனிப் படி இருந்தது நல்லதாயிற்று. கேட்டில் ஸ்டிக்கர் ஒட்டினார்கள், என் பெயரும் தொடங்கும் தேதியும் முடியும் தேதியும் எழுதி. பேரூராட்சிப் பணியாளர்கள் வாசலில் ப்ளீச்சிங் பவுடர் போட்டார்கள். பால்காரர் மூன்றாம் நாளோடு நிறுத்திக்கொண்டார். எதிர்வீட்டு ஜன்னல் சாத்தியே இருந்தது. சித்திதான் பாவம், கடைக்குப் போனால் ஆட்கள் விலகி நிற்பதைப் பார்த்து வந்து, சாப்பாட்டுத் தட்டைப் படியில் வைத்துவிட்டு ஒன்றும் பேசாமல் போவாள்.

இதற்கு நடுவில் எங்களைத் தாங்கியது ஆரம்ப சுகாதார நிலையத்துக் கிராம சுகாதார செவிலியர். தினமும் வந்து கேட் வெளியே நின்று, காய்ச்சல் உண்டா, இருமல் உண்டா, வாசனை தெரிகிறதா என்று கேட்டு நோட்டில் எழுதுவார். துத்தநாக மாத்திரையும் வைட்டமின் மாத்திரையும் கொண்டு வந்தார். முதல் நாளே என்னிடம் தெளிவாகச் சொன்னார்: "நெகட்டிவ்னு வந்தாலும், உடம்புக்குள்ள இருந்து அப்புறம் தெரியலாம். அதான் 14 நாளு. அம்மைக்கு எலும்பு ஆறணும், அதுக்க கூட இது வேண்டாம் மக்ளே." அந்த ஒரு விளக்கம் போதுமானதாக இருந்தது. எதிர்வீட்டிலும் போய் அவர் பேசியிருக்கிறார் போல. எட்டாம் நாள் காலையில் கேட் பக்கத்தில் பாதிச் சக்கை (பலாப்பழம்) ஒன்று, வாழையிலை மூடி இருந்தது. எதிர்வீட்டு ஜன்னலும் திறந்திருந்தது.

அம்மாவின் கட்டிலுக்கு நேர் மேலேதான் என் அறை. ராத்திரி திருப்பிப் படுக்க வைக்கும்போது அவள் முனகுவது கேட்கும். போன் போட்டால், "வந்தியே, கீழ இறங்கி வந்து ஒரு கை பிடிச்சா என்ன மக்ளே" என்பாள். சித்தி தனியாக மூச்சு வாங்குவதும் கேட்கும். 700 கிலோமீட்டர் ஓடி வந்தவளுக்குக் கடைசிப் பன்னிரண்டு படிதான் இறங்க முடியவில்லை. இறங்காமல் இருந்ததில் எனக்கு வருத்தம் இல்லை. ஆனால் அந்த முனகல் இன்னும் காதில் இருக்கிறது.

15-ஆம் நாள் காலை செவிலியர் கேட்டைத் திறந்து முதல் முறையாக உள்ளே வந்தார். ஸ்டிக்கரை நகத்தால் சுரண்டி எடுத்து மடித்துக்கொண்டார். நான் கிணற்றடியில் சோப்பு போட்டு முழங்கை வரை கழுவினேன், துடைத்தேன், மறுபடியும் கழுவினேன். உள்ளே போய் அம்மாவின் தோளுக்கு அடியில் கை கொடுத்துத் தூக்கினேன்.

"உன் கை என்ன இவ்வளவு குளுந்து கிடக்கு?" என்றாள் அம்மா.