ஒப்புக்கொண்ட பிறகும் நடக்கும் வழக்கு

2 நவம்பர் 2024, சனிக்கிழமை

தீபாவளிக்கு வந்திருந்த மகள் நாளை கோலாலம்பூருக்குத் திரும்புகிறாள். விடுமுறை நாள்களில் முறுக்கு டின்னை நடுவில் வைத்துக்கொண்டு நாங்கள் மூவரும் 'பிராட்சர்ச்' என்னும் ஆங்கிலத் தொடரின் முதல் சீசனைப் பார்த்து முடித்தோம். 2013இல் பிரிட்டனின் ஐடிவியில் வந்த எட்டு அத்தியாயங்கள். டோர்செட் கடற்கரையில் மஞ்சள் மலைச்சரிவுக்குக் கீழே டேனி என்னும் பதினொரு வயதுச் சிறுவனின் உடல் கிடக்கிறது. வழக்கை விசாரிக்கும் எல்லி மில்லரின் கணவன் ஜோதான் கொலையாளி என்று கடைசியில் தெரிகிறது. அந்த இடத்தில் என் மனைவி வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். எல்லியாக நடித்த ஒலிவியா கோல்மனுக்கு 2014இல் பாஃப்டா விருது கிடைத்ததில் எனக்கு வியப்பில்லை.

இரண்டாவது சீசன் 2015 ஜனவரியில் தொடங்கியது. "எல்லாரும் ரெண்டாவது சரியில்லனு சொல்றாங்கப்பா, வேற ஏதாவது பாருங்க" என்றாள் மகள். அது கொலையாளியைத் தேடும் கதையாக இல்லாமல், பிடிபட்டவனை நீதிமன்றத்தில் நிறுத்தும் கதையாக இருக்கிறது என்பது அவர்களுடைய முதல் குறை. பினாங்கு நீதிமன்றங்களில் முப்பத்தொரு ஆண்டுகள் தமிழ் மொழிபெயர்ப்பாளராக இருந்துவிட்டு ஓய்வுபெற்றவன் நான். அந்தக் குறையே என்னைப் பார்க்கத் தூண்டுகிறது. பார்க்கப் பார்க்க இங்கே எழுதி வைக்கிறேன். கதையை முன்கூட்டியே அறிய விரும்பாதவர்கள் இந்தக் குறிப்புகளைப் படிக்க வேண்டாம்.

3 நவம்பர், ஞாயிற்றுக்கிழமை

மகளைப் பேருந்தில் ஏற்றிவிட்டு வந்த பிறகு இரண்டு அத்தியாயங்கள் பார்த்தோம்.

முதல் அத்தியாயத்திலேயே ஜோ எழுந்து நின்று, தான் குற்றவாளி இல்லை என்கிறான். நீதிமன்றத்தில் கூடியிருந்த ஊரே அதிர்ந்து போகிறது. என் மனைவியும் திரும்பி, "என்னங்க, அவன்தான் ஒத்துக்கிட்டானே, அப்புறம் என்ன கேஸ்?" என்று கேட்டாள். திரையின் அடியில் ஓடிய மலாய் வரியில் 'தீடாக் பெர்சாலா', அதாவது குற்றவாளி இல்லை, என்று வந்தது. நான் அந்த இடத்தில் நின்றிருந்தால் 'குற்றத்தை மறுத்து விசாரணை கோருகிறார்' என்று சொல்லியிருப்பேன். இங்கே அதுதான் வழக்கம், தமிழ்ப் பத்திரிகைகளும் அப்படியே எழுதுகின்றன. 'நான் செய்யவில்லை' என்று சொல்வதற்கும் 'நீங்கள் மெய்ப்பியுங்கள்' என்று சொல்வதற்கும் இடையே பெரிய தூரம் உண்டு. ஜோ முதலாவதைச் சொன்னதாக ஊர் கேட்கிறது, ஆனால் சட்டம் அவனுக்குத் தருவது இரண்டாவதைத்தான். எட்டு அத்தியாயங்களும் இந்த இடைவெளியில்தான் நடக்கப் போகின்றன என்று தோன்றியது.

அடுத்து ஒப்புதல் வாக்குமூலம். முதல் சீசனின் இறுதியில் உண்மையை அறிந்த எல்லி, விசாரணை அறைக்குள் புகுந்து கணவனைக் கீழே தள்ளி உதைக்கிறாள். மூன்று நாள்களுக்கு முன் அந்தக் காட்சியைப் பார்த்தபோது எங்கள் வீட்டில் ஒருவரும் அவளைக் குறை சொல்லவில்லை. நானும்தான் சொல்லவில்லை. ஆனால் இரண்டாவது சீசனில் தற்காப்பு வழக்கறிஞர் ஷேரன் பிஷப், அவன் உடலில் இருந்த காயங்களைக் காட்டி, அந்த வாக்குமூலம் அடித்து வாங்கப்பட்டது என்கிறார். நீதிபதி அதை வழக்கிலிருந்து நீக்கிவிடுகிறார்.

இதைப் பார்த்துவிட்டு நெடுநேரம் உட்கார்ந்திருந்தேன். வாக்குமூலம் தானாகத் தரப்பட்டதா என்று தனியே ஆராய்வதை 'விசாரணைக்குள் விசாரணை' என்று நாங்கள் சொல்வோம். அந்த நடைமுறையில் எத்தனையோ நாள்கள் நின்று பேசியிருக்கிறேன். எப்போது தண்ணீர் கொடுத்தார்கள், அறையில் எத்தனை பேர் இருந்தார்கள், கையெழுத்துப் போடும்போது விலங்கு கழற்றப்பட்டதா என்றெல்லாம் ஒரு முழு நாள் கேள்விகள் போகும். இங்கிலாந்தில் 1984ஆம் ஆண்டின் காவல்துறை மற்றும் குற்றவியல் சான்றுச் சட்டத்தின் 76ஆம் பிரிவு இதைப் பற்றியது. கொடுமைப்படுத்தி வாங்கியதில்லை என்பதை அரசுத் தரப்புதான் மெய்ப்பிக்க வேண்டும். மலேசியாவில் குற்றவியல் நடைமுறைச் சட்டம் 2007இல் திருத்தப்பட்ட பிறகு, குற்றஞ்சாட்டப்பட்டவர் போலீசாரிடம் சொன்னது பொதுவாக அவருக்கு எதிராகச் சான்றாவதே இல்லை.

தொடரின் நேர்மையும் அவசரமும் இந்த ஒரே காட்சியில் தெரிகின்றன. நம் கண்முன் நடந்த ஒரு குற்றத்தை நாம் கைதட்டி ஏற்றுக்கொண்டோம் என்று சொல்வது நேர்மை. ஆனால் ஜோ ஒப்புக்கொண்டது அடி விழுவதற்கு முன். அடித்ததால் ஒப்புக்கொண்டான் என்பதற்கும் ஒப்புக்கொண்டதால் அடி விழுந்தது என்பதற்கும் உள்ள முன்பின்னைத் தீர்க்கக் கடிகாரமும் காவல் பதிவேடும் போதும். நான் அறிந்த எந்த அரசுத் தரப்பு வழக்கறிஞரும் முதலில் கேட்கும் கேள்வி 'மணி என்ன?' என்பதுதான். அந்தக் கேள்விக்கு இந்தக் காட்சியில் உரிய இடமே இல்லை. கதைக்குத் தேவையான முடிவை எழுதிவிட்டு, அதற்குப் போகும் படிகளைத் தாண்டிவிட்டார் தொடரை எழுதிய கிரிஸ் சிப்னல்.

5 நவம்பர், செவ்வாய்க்கிழமை

மழை. மூன்றாவது அத்தியாயம்.

சாண்ட்புரூக் வழக்கு பெரிதாகிக்கொண்டே போகிறது. எல்லியோடு டேனி வழக்கை விசாரித்த அதிகாரி ஹார்டியின் பழைய தோல்வி அது. ஒரு சிறுமி கொல்லப்பட்டு, அவளுடைய ஒன்றுவிட்ட அக்கா காணாமல் போய், சந்தேகத்துக்குரிய லீ ஆஷ்வொர்த் விடுதலையான கதை. முதல் சீசனில் இது ஹார்டியின் முகத்தில் மட்டுமே இருந்தது. ஹார்டியாக நடிக்கும் டேவிட் டென்னன்ட் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நிற்கும்போதெல்லாம் அந்த வழக்கின் பாரம் தெரிந்தது, அதுவே போதுமானதாக இருந்தது. இப்போது லீயும் அவன் மனைவி கிளேரும் ஆளாக வந்து நின்று, மறைத்து, அழுது, மிரட்டுகிறார்கள். டேனியின் படுக்கையறையை நாம் பார்த்திருக்கிறோம், அவனுடைய பத்திரிகை போடும் பாதை நமக்குத் தெரியும். சாண்ட்புரூக் பெண்களைப் பற்றி நமக்கு ஒரு புகைப்படமும் ஒரு பதக்கமும்தான் தெரியும். துக்கம் ஊறாத இடத்தில் மர்மம் மட்டும் எத்தனை நேரம் நிற்கும்? எனக்கு நிற்கவில்லை.

7 நவம்பர், வியாழக்கிழமை

நான்காவது அத்தியாயம். ஒரு குறையை எழுதாமல் இருக்க முடியவில்லை.

சாட்சி சொல்ல வேண்டியவர்கள் எல்லாரும் பார்வையாளர் பகுதியில் வரிசையாக உட்கார்ந்து, ஒருவர் சாட்சியத்தை மற்றவர் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். இங்கே என்றால் வழக்குத் தொடங்கும் முன்பே சாட்சிகள் வெளியே அனுப்பப்படுவார்கள். வெளி நடையில் மரப் பலகையில் மணிக்கணக்கில் காத்திருந்து, பெயர் கூப்பிட்ட பிறகே உள்ளே வருவார்கள். இங்கிலாந்திலும் நடைமுறை அதுதான். முன்னால் பேசியவரின் சொல் பின்னால் பேசுபவரின் நாவில் ஏறிவிடக் கூடாது என்பதற்காகவே அந்தப் பலகை போடப்பட்டிருக்கிறது. எதற்காக இப்படிச் செய்தார்கள் என்று எனக்குப் புரிகிறது. ஒருவர் ரகசியம் வெளிப்படும்போது மற்றவர் முகத்தை உடனே காட்ட வேண்டும். ஆனால் அந்த முகங்களை வெளியே, செய்தி வந்து சேரும் நொடியில் காட்டியிருந்தால் காட்சி இன்னும் கனத்திருக்கும். ஒரு மனைவி தன் கணவனைப் பற்றி என்ன சொல்லப்பட்டது என்று தெரியாமல் கதவைப் பார்த்துக்கொண்டிருப்பதை நான் கண்டிருக்கிறேன். அதைவிடப் பெரிய நாடகம் உள்ளே நடந்ததில்லை.

9 நவம்பர், சனிக்கிழமை

மூன்று அத்தியாயங்களை ஒரே மூச்சில் பார்த்தோம். குறுக்கு விசாரணைகள்தான் இந்த சீசனின் உயிர்.

எல்லியைக் கூண்டில் ஏற்றி, ஹார்டியோடு அவளுக்குத் தொடர்பு இருந்ததாகவும் இருவரும் சேர்ந்து ஜோவை மாட்டிவிட்டதாகவும் ஷேரன் பிஷப் சொல்கிறார். நாம் எட்டு அத்தியாயங்கள் உடனிருந்து பார்த்தவர்கள், அது பொய் என்று நமக்குத் தெரியும். ஆனால் அந்தப் பொய்யைக் கட்டப் பயன்படும் ஒவ்வொரு கல்லும் உண்மை. முதல் சீசனில் சகோதரி லூசியிடமிருந்து ஒரு தகவலைப் பெற எல்லி ஆயிரம் பவுண்டு கொடுத்தாள். குடும்பத்துக்குள் நடந்த உதவி என்று அப்போது கடந்து போனோம். இப்போது அது போலீஸ்காரி சாட்சிக்குக் கொடுத்த பணம். டேனி இறந்த இரவில் அவன் தந்தை மார்க் இன்னொரு பெண்ணுடன் இருந்ததை மறைத்தான். அது ஒரு கணவனின் கோழைத்தனம் என்று அப்போது நினைத்தோம். இப்போது அது, கொலை நேரத்தில் வேறிடத்தில் இருந்தேன் என்று ஒரு தந்தை சொன்னதில் விழுந்த ஓட்டை, கொலைப் பழியே அவன் பக்கம் திரும்புகிறது.

அடுத்து வரும் சீசனை எப்படி மதிப்பிடுவது என்ற கேள்விக்கு எனக்கு இங்கேதான் விடை கிடைத்தது. புதுப் பிணமும் புதுச் சந்தேகமும் கொண்டு வருவது எளிது. முதல் சீசனில் பாத்திரங்கள் செய்ததற்கு வட்டியும் முதலுமாகக் கணக்குக் கேட்கிறதா என்று நான் பார்க்கிறேன். எல்லியின் உதை, லூசிக்குக் கொடுத்த பணம், மார்க்கின் பொய் என்று எதையும் இவர்கள் மறக்கவில்லை. எட்டு அத்தியாயம் போதும் என்று அன்றே முடித்திருந்தால், கடற்கரை நெடுகத் தீப்பந்தம் ஏற்றி ஊரே ஒன்றாக நின்ற அந்த அழகான முடிவை நாம் உண்மை என்றே நம்பியிருப்போம். இப்போது அதே ஊர் கூண்டில் ஏறி ஒருவரையொருவர் கடிக்கிறது.

இரு வழக்கறிஞர்களையும் பற்றிச் சொல்ல வேண்டும். அரசுத் தரப்பில் ஷார்லட் ராம்ப்ளிங், தற்காப்பில் மரியான் ஜான்-பாப்டிஸ்ட். ராம்ப்ளிங் நடிக்கும் ஜோசலின் நைட்டுக்குப் பார்வை மங்கிக்கொண்டு வருகிறது. அதை யாருக்கும் சொல்லாமல் தாள்களைக் கண்ணருகில் கொண்டுபோய்ப் படிக்கும் விதத்தைப் பாருங்கள். விரல் முதலில் தாளின் ஓரத்தைத் தொட்டு அளந்துகொள்கிறது, பிறகுதான் கண் போகிறது. அப்படி ஒரு மூத்த வழக்கறிஞரை எனக்குத் தெரியும். கண்ணாடியை மாற்றி மாற்றிப் போடுவார், நாங்கள் யாரும் கேட்க மாட்டோம். ஷேரனுடைய மகன் சிறையில் இருக்கிறான் என்பதும் வீண் அலங்காரமாக இல்லை. அவர் ஜோவுக்காக வாதாடும்போது, தன் மகனுக்குக் கிடைக்காத வாதத்தைப் பேசுவதுபோல இருக்கிறது.

11 நவம்பர், திங்கட்கிழமை

இறுதி அத்தியாயத்துக்கு முன் ஜூரிகளைப் பற்றி.

மலேசியாவில் ஜூரி முறை 1995இல் ஒழிக்கப்பட்டது. நான் பணியில் சேர்ந்த காலத்தில் அது இருந்தது, இங்கே ஏழு பேர் உட்காருவார்கள். ஒரு கொலை வழக்கில் சில நாள்கள் அவர்களுக்கு எதிரே நின்று மொழிபெயர்த்திருக்கிறேன். தமிழ் தெரியாத ஏழு பேர், சாட்சியின் வாயைப் பார்க்காமல் என் வாயைப் பார்த்தார்கள். சாட்சி அழுதபடி சொன்னதை நான் அழாமல் சொல்ல வேண்டும், அதுதான் விதி. அந்த வறண்ட குரலில் அந்த அம்மாளின் உண்மை எவ்வளவு போய்ச் சேர்ந்தது என்ற எண்ணம் இன்றும் வரும்.

பிராட்சர்ச்சில் பன்னிரண்டு பேர் உட்கார்ந்திருக்கிறார்கள். தொடர் அவர்களை ஏறக்குறைய காட்டவே இல்லை, பெயரும் இல்லை, குரலும் இல்லை. பலர் இதைக் குறையாகச் சொல்லலாம். எனக்கு இது மிகச் சரியாகப்பட்டது. அந்தப் பன்னிரண்டு பேருக்கு நாம் கண்ட முதல் சீசன் தெரியாது. அவர்களிடம் வாக்குமூலம் இல்லை. அவர்கள் கேட்டதை மட்டும் வைத்துக்கொண்டு நான் அங்கே உட்கார்ந்திருந்தால் என்ன சொல்லியிருப்பேன் என்று எண்ணிப் பார்த்தேன். ஐயம் என்றுதான் சொல்லியிருப்பேன்.

12 நவம்பர், செவ்வாய்க்கிழமை

முடிந்தது. ஜோ குற்றவாளி இல்லை என்று தீர்ப்பு.

தீர்ப்பு வரும்போது எவரும் பெரிதாகக் கத்தவில்லை. டேனியின் தாய் பெத்தின் முகத்தில் ஒன்றும் நடக்கவில்லை, சற்றுப் பிந்தித்தான் அது உடைகிறது. நான் பணியில் இருந்தபோது ஒரு வழக்கில் 'விடுதலை' என்ற சொல்லைத் தமிழில் சொல்லிவிட்டு வெளியே வந்தேன். இறந்தவனின் தாய் நடையில் என் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டு, "தம்பி, அப்போ யாருதான்யா செஞ்சா?" என்று கேட்டார். மொழிபெயர்ப்பாளன் வழக்கைப் பற்றிப் பேசக் கூடாது. நான் கையை மெல்ல விடுவித்துக்கொண்டு நடந்தேன். ஒரு மர்மத் தொடர் இந்தக் கேள்வி வரை வந்து நிற்கத் துணிந்தது என்பதற்காகவே, சரியில்லை என்று சொன்னவர்களோடு நான் சேர மாட்டேன்.

சாண்ட்புரூக்கின் முடிச்சும் அவிழ்கிறது. கொல்லப்பட்ட சிறுமியின் சொந்தத் தந்தை ரிக்கி, லீ, கிளேர் என மூவருக்கும் பங்கு. விடை சரியாகப் பொருந்துகிறது, ஆனால் அதைக் கேட்டு மனைவி அடுப்பை அணைக்க எழுந்து போய்விட்டாள். அந்த நேரத்தை ஜோசலினுக்கும் பெத்துக்கும் கொடுத்திருக்கலாம்.

தீர்ப்புக்குப் பிறகு ஊர்க்காரர்கள் ஜோவைக் குன்றின்மேல் டேனி கொல்லப்பட்ட அதே குடிசைக்குக் கொண்டுபோய் நிறுத்தி, இனி இந்த ஊரில் கால் வைக்கக் கூடாது என்று துரத்துகிறார்கள். இந்தக் காட்சியை என்னால் ஏற்க முடியவில்லை. ஏழு அத்தியாயங்களாக நமக்குத் தர மறுத்த நிறைவை எட்டாவதில் கையில் திணிக்கிறார்கள். காவல் நிலையத்தில் எல்லி உதைத்தது தவறு என்று அத்தனை வலியோடு காட்டிவிட்டு, ஊரே சேர்ந்து ஒரு வழக்கு மன்றம் நடத்துவதைச் சரி என்பதுபோல இசையும் வெளிச்சமும் சேர்த்துக் காட்டுவது எப்படிப் பொருந்தும்? இங்கிலாந்தின் 2003ஆம் ஆண்டுக் குற்றவியல் நீதிச் சட்டப்படி, வலுவான புதுச் சான்று கிடைத்தால் கொலை வழக்கில் விடுதலையானவனை மறுபடியும் விசாரிக்க வழியுண்டு. அந்தக் கதவை ஒருவரும் நினைத்துக்கூடப் பார்க்கவில்லை.

இதைச் சாப்பிடும்போது சொன்னேன். மனைவி ரசத்தை ஊற்றிக்கொண்டே, "நீங்க சட்டம் பேசுறீங்க. அவன அந்த ஊர்லயே விட்டா, பெத் தினமும் கடைத்தெருவுல அவன் முகத்த பாக்கணும். அதுக்கு என்ன செய்ய சொல்றீங்க?" என்று கேட்டாள். நான் யோசித்துக்கொண்டே சாப்பிட்டேன். பதில் வரவில்லை. மூன்றாவது சீசனை நாளை தொடங்கலாம் என்று அவளே சொன்னாள்.