சீனி நோயும் சித்தியின் அன்றாடமும்

திருநெல்வேலிப் பக்கத்தில் நீரிழிவு உள்ளவரைக் கண்டதும் எழும் முதல் கேள்வி, "சீனி எவ்வளவு இருக்கு?" என்பதுதான். ஆஸ்பத்திரியிலும் அதுவே, விசேஷ வீட்டிலும் அதுவே. இரவில் தூங்க முடிகிறதா, வேலை ஓடுகிறதா, மனம் எப்படி இருக்கிறது என்று விசாரிப்பவர்கள் மிகக் குறைவு. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவுடன் நடந்து 2023-இல் வெளியான ஆய்வு, நாட்டில் 10.1 கோடிப் பேருக்கு நீரிழிவு இருப்பதாக மதிப்பிட்டது. அவர்களில் பெரும்பாலோருக்கு இருப்பது, உடலில் இன்சுலின் சரிவர வேலை செய்யாததால் வரும் இரண்டாம் வகை நீரிழிவு. பல்லாண்டுகள் உடன் வரும் நோய் என்பதால், அவர்கள் எப்படி வாழ்கிறார்கள் என்பதும் மருத்துவத்தின் கேள்வியாக வேண்டும் என்று உறுதியாக நினைக்கிறேன்.

வாழ்க்கைத் தரத்தை அளப்பதற்கு உலக சுகாதார நிறுவனம் 26 கேள்விகள் கொண்ட ஒரு சுருக்க வினாத்தாளை வைத்திருக்கிறது. உடல், மனம், உறவுகள், சுற்றுச்சூழல் என நான்கு பகுதிகளாக, தூக்கம் திருப்தியாக இருக்கிறதா, தேவைக்குப் பணம் இருக்கிறதா என்றெல்லாம் அது கேட்கிறது. அதைப் படித்தபோது, கடையம் பக்கத்தில் பீடி சுற்றிப் பிழைக்கும் என் சித்தியின் நினைவே வந்தது.

மடியில் சுளகை வைத்துக்கொண்டு காலை முதல் மாலை வரை உட்கார்ந்தே செய்யும் வேலை அது. நாள்தோறும் அரைமணி நேரம் நடக்கச் சொல்கிறார் டாக்டர். ஆனால் ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று கூலி வாங்குகிறவருக்கு அந்த அரைமணி நேரமும் கூலிதான். சீனி கூடிய நாட்களில் இரவில் மூன்று நான்கு முறை சிறுநீர் கழிக்க எழுகிறார். மறுநாள் இலை வெட்டும்போதே கண் செருகுகிறது. வேளை தவறிச் சாப்பிட்டால் சில மாத்திரைகளால் சீனி திடீரென்று இறங்கிக் கை நடுங்கி வியர்த்துவிடும். ஒருமுறை அப்படி ஆன பிறகு, பயத்திலேயே கூடுதலாகச் சாப்பிடுவதும் மாத்திரையைத் தள்ளிப்போடுவதும் அவருக்கு வழக்கமாகிவிட்டன. ரிப்போர்ட்டில் அளவு ஏறியிருப்பது தெரியும், அதன் பின்னாலிருக்கும் பயம் தெரியாது.

மறுவீட்டுச் சொதி விருந்தில் இலை முன் உட்கார்ந்த சித்தியிடம், "உனக்குத்தான் சீனி ஆச்சே, பாயசம் எதுக்கு?" என்று எல்லோர் காதிலும் விழும்படி ஒருவர் சொன்னார். அன்று சித்தி என்னிடம் சொன்னது: "ஏய்யா, சீனி வந்ததுகூடப் பெரிசில்ல. பந்தியில நாலு பேருக்கு முன்னால வச்சுச் சொல்லுதாவ பாரு, அதான் தாங்க முடியல." அதன்பின் அவர் விசேஷ வீடுகளுக்குப் போவதையே குறைத்துக்கொண்டார். அக்கறையால் சொன்னதுதான் என்றாலும், ஒரு மனுஷியை உறவிலிருந்து ஒதுக்கும் அக்கறையை நான் ஏற்கமாட்டேன். அதே வீட்டார் மறுநாள் கருப்பட்டிக் காபியை, "இதுல ஒண்ணும் செய்யாது" என்று தாராளமாகக் கொடுக்கிறார்கள். கருப்பட்டியும் பெரும்பகுதி சர்க்கரைதான், அதுவும் அளவை ஏற்றும்.

எல்லாவற்றிலும் என்னை அதிகம் வருத்துவது கால். நடந்துகொண்டிருக்கும்போதே ஒரு காலின் செருப்பு கழன்று பின்னால் கிடக்க, அது தெரியாமல் சித்தி பத்தடி போய்விட்டதை நான் பார்த்தேன். நரம்பு பாதிக்கப்பட்டு உணர்ச்சி குறைந்ததன் அடையாளம் அது. பங்குனி உத்திரத்தன்று சாஸ்தா கோயில் மணலில் உச்சிவெயிலில் வெறுங்காலோடு நிற்பது அவருக்கு எவ்வளவு பெரிய நிறைவு என்பதை அறிவேன். கொப்புளம் வந்தாலும் அந்தப் பாதம் அவரிடம் சொல்லாது. ஆகவே போகவேண்டாம் என்று தடுக்காமல், வெயில் ஏறுமுன் கூட்டிப் போய் வருவதென்றும், இரவில் யாராவது ஒருவர் அவருடைய உள்ளங்காலைப் பார்ப்பதென்றும் வீட்டில் முடிவு செய்திருக்கிறோம்.

2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தால் மாத்திரை வீட்டுக்கே வருவது, ஒருநாள் கூலியை இழக்க முடியாத இத்தகைய பெண்களுக்குப் பேருதவி. ஆனாலும் பரிசோதனைக்குப் போகும்போது வீட்டிலிருந்து ஒருவர் உடன் போய், தூக்கம், பயம், கால் மரப்பு ஆகியவற்றையும் டாக்டரிடம் சொல்லவேண்டும். மெல்லிய நைலான் இழையால் பாதத்தைத் தொட்டு உணர்ச்சியைச் சோதிக்கச் சில நிமிடங்களே ஆகும். அதை ஆண்டுக்கு ஒருமுறையாவது கேட்டுச் செய்துகொள்ளுங்கள்.