மொட்டை மாடித் தூசியில் ஒரு விண்கல் துளி

ஆடிக் காற்று அடங்கியதும் எங்கள் வீட்டு மொட்டை மாடியில், மழைத் தண்ணீர் இறங்கும் குழாயின் வாயில், இரண்டு விரல் கனத்துக்குச் செம்மண் சேர்ந்து கிடக்கும். திருச்செந்தூர்ப் பக்கம், செம்மணல் மேடுகளான தேரிக்காட்டை ஒட்டிய ஊர். 2021 கடைசியில் அந்த மண்ணை அள்ளிக் கழுவ ஆரம்பித்தேன். அதற்குள் நுண்விண்கல் ஒன்று இருக்கிறது என்று உறுதியாகச் சொல்ல எனக்கு மூன்று வருஷம் ஆனது.

விண்கல் என்றால் தீப்பிழம்பாக வந்து குழி பறிக்கும் கல்தான் நம் நினைவுக்கு வரும். வானத்திலிருந்து பூமிக்கு வந்து சேரும் பொருளில் பெரும்பங்கு அப்படி வருவதில்லை, தூசியாகத்தான் இறங்குகிறது. சிறுகோள்கள் மோதி உடைவதிலும் வால்மீன்கள் கரைவதிலும் உண்டாகும் துகள்கள் அவை. பூமியில் வந்து விழுந்த அந்தத் துகளைத்தான் நுண்விண்கல் என்கிறார்கள். சூரிய ஒளி பட்டுப் பட்டு வேகம் குறைந்து, சுருள் பாதையில் உள்ளே நகர்ந்து, நடுவில் பூமி குறுக்கிட்டால் நொடிக்கு 11 கிலோமீட்டருக்குக் குறையாத வேகத்தில் காற்றுக்குள் நுழைகின்றன. 80, 90 கிலோமீட்டர் உயரத்திலேயே உருகி, உருண்டு, இறுகி, பிறகு மெதுவாகக் கீழே வருகின்றன. 0.1 மில்லிமீட்டர் அளவுள்ள துகள் ஒரு சதுர மீட்டருக்கு வருஷத்துக்கு ஒன்று விழும் என்பது பரவலாகச் சொல்லப்படும் கணக்கு. எங்கள் மாடி 900 சதுர அடி. அப்படியானால் வருஷத்துக்கு எண்பது!

1872இல் புறப்பட்ட சேலஞ்சர் என்ற பிரிட்டிஷ் கடலாய்வுக் கப்பலின் பயணத்தில், ஆழ்கடல் சேற்றைக் காந்தத்தால் துழாவித்தான் இந்த உருண்டைகளை முதலில் அடையாளம் கண்டார்கள். நகரத்துத் தூசியில் இவற்றைப் பிரித்தெடுக்கவே முடியாது என்ற எண்ணம் அதன் பிறகு நெடுங்காலம் இருந்தது. நார்வேயைச் சேர்ந்த ஜாஸ் கிட்டார் கலைஞர் யோன் லார்சன் அதை ஏற்கவில்லை. ஒஸ்லோ, பாரிஸ், பெர்லின் கூரைகளின் 300 கிலோ படிவிலிருந்து 500 நுண்விண்கற்கள் கிடைத்தன என்று 2017இல் விஞ்ஞானி மேத்யூ கெங்குடன் சேர்ந்து அவர் எழுதிய ஆய்வுக் கட்டுரைதான் என்னை மாடிக்கு ஏற்றியது.

வேலை இதுதான். அள்ளிய மண்ணை வாளியில் போட்டுப் பாத்திரம் கழுவும் திரவம் இரண்டு சொட்டு விட்டுக் கலக்கி, மிதக்கும் சருகையும் கலங்கலையும் வடிக்க வேண்டும். தண்ணீர் தெளியும்வரை ஏழெட்டு முறை. பிறகு காயவைத்துச் சலிக்க வேண்டும். டீ வடிகட்டியில் தங்குவது பெரிது, மெல்லிய நைலான் துணியில் இறங்குவது பொடி, இரண்டும் வேண்டாம். நடுவில் நிற்பதை ஒரு தட்டில் பரப்பி, பழைய ஸ்பீக்கரிலிருந்து கழற்றிய காந்தத்தைப் பாலிதீன் பைக்குள் வைத்து மேலே ஓட்ட வேண்டும். காந்தத்தைப் பையிலிருந்து உருவினால், ஒட்டியது எல்லாம் உதிர்ந்து விழும். அதை நுண்ணோக்கியின் அடியில் வைத்து ஒவ்வொரு மணியாகப் பார்க்க வேண்டும்.

“ஏல, மாடித் தூசிய எதுக்குல வீட்டுக்குள்ள கொண்டு வார?” என்று அம்மா கேட்டாள். சொன்னேன். “வானத்துல இருந்து வுழுந்ததுன்னு எப்பிடித் தெரியும்?” என்றாள். மூன்று வருஷமும் நான் பதில் தேடியது அந்தக் கேள்விக்குத்தான்.

மற்ற ஊர்க்காரர்களுக்குக் காந்தம் பாதி வேலையை முடித்துத் தரும். எங்கள் ஊரில் தராது. தேரி மணலில் இரும்பும் டைட்டானியமும் கலந்த இல்மனைட்டும், இரும்புத் தாதுவான மேக்னடைட்டும் நிறைய. காந்தம் வைத்த இடமெல்லாம் கறுப்பாகக் கொத்துக் கொத்தாக ஒட்டும். காற்று உருட்டி உருட்டி அந்த மணிகளின் முனை மழுங்கியிருப்பதால், பார்த்த மாத்திரத்தில் உருண்டை போலவே தெரியும். முதல் மாதம் நாற்பது ‘விண்கல்’ எடுத்து வைத்திருந்தேன். நாற்பதும் தேரி மணல்.

அதற்குப் பிறகுதான் வழி மாற்றினேன். வானத்துத் தூசியைத் தேடுவதை விட்டுவிட்டு ஊர்த் தூசியைச் சேகரித்தேன். தேரிக்காட்டிலிருந்து ஒரு பிடி. தெருமுனை வெல்டிங் பட்டறையில் ஒரு டப்பா. “எடுத்துக்கிடுங்க தம்பி, இதுக்கெல்லாம் கேக்கணுமா?” என்றார் பட்டறை அண்ணாச்சி. தீபாவளி மறுநாள் காலையில் புஸ்வாணம் எரிந்த இடத்தைக் கூட்டி ஒரு டப்பா. ஒவ்வொன்றையும் நாள் கணக்கில் பார்த்துப் படம் வரைந்து வைத்தேன். வெல்டிங் பொறி கண்ணாடிபோல் பளபளக்கும், பெரும்பாலும் உள்ளே பொள்ளல், சிலதில் ஓட்டையும் இருக்கும். பட்டாசு உருண்டை அழகிலும் அழகு, வழுவழுவென்று கச்சிதமான கோளம். இவ்வளவு வழவழப்பாக இருந்தால் சந்தேகப்பட வேண்டும் என்று கைக்குப் பழகியது. வானத்திலிருந்து வந்த மணி சில நொடிகளில் உருகி இறுகியது, அதன் மேல்தோலில் படிகம் வளர்ந்த தடம் இருக்க வேண்டும்.

2023 டிசம்பர் 17, 18இல் பெய்த மழையை எங்கள் மாவட்டத்தில் யாரும் மறக்க மாட்டார்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல். ஊரே தண்ணீரில் நின்றபோது மாடித் தூசியைப் பற்றி நினைக்கவும் இல்லை. பொங்கலுக்குப் பிறகு ஏறிப் பார்த்தால் குழாய் வாய் துடைத்து வைத்ததுபோல் இருந்தது. தட்டோடுகளின் இடுக்கில் மட்டும் ஏதோ கறுப்பாகப் படிந்திருந்தது. லேசான மணலையெல்லாம் வெள்ளம் கொண்டுபோக, கனமானது இடுக்கில் இறங்கிவிட்டது. நான் வாளியில் செய்ததை மழை மாடி முழுக்கச் செய்திருக்கிறது. பெயிண்ட் பிரஷ்ஷால் கூட்டி எடுத்தேன். மொத்தமே இரண்டு கரண்டி.

அதில் ஏழு மணிகள் தேறின. எட்டாவது ஒன்று இருந்தது. ஈரப்படுத்திய பல்குச்சி நுனியில் எடுத்து மாற்றும்போது யாரோ ஃபேனைப் போட, போய்விட்டது. தரையை விரல் விரலாகத் தடவியும் கிடைக்கவில்லை. இன்றைக்கும் அது மனசை உறுத்துகிறது. அன்றிலிருந்து ஜன்னலைச் சாத்திவிட்டுத்தான் உட்காருகிறேன்.

கண்ணால் பார்த்தது சாட்சியாகாது. என்னென்ன தனிமங்கள் இருக்கின்றன என்று எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்தால்தான் முடிவு. ஒரு கல்லூரி ஆய்வகத்தில் மணிக்கணக்குக் கட்டணத்தில் நேரம் கிடைத்தது. முதல் தடவை, நான் சாதாரண டேப்பில் ஒட்டிக் கொண்டுபோனதால் திருப்பி அனுப்பினார்கள். மின்சாரம் கடத்தும் கார்பன் டேப் வாங்கி ஒட்டி, வரிசை எண் போட்டு, மறுபடி முறை வர நான்கு மாதம்.

முதல் மணியில் டைட்டானியம் நெட்டக்குத்தாக நின்றது. தேரி. இரண்டாவதில் பேரியம், பச்சை மத்தாப்பின் சாமான். மூன்றிலும் நான்கிலும் இரும்போடு மாங்கனீசு, பட்டறை அண்ணாச்சியின் ராடு. ஐந்து மறுபடி தேரி. ஆறாவது திரையில் பெரிதானபோது, இணைகோடுகளாகப் படிகங்கள், ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்கு. ஒலிவைன் என்ற கனிமம் உருகி அவசரமாக இறுகினால் வரும் வரி. 0.24 மில்லிமீட்டர். மெக்னீசியம், சிலிக்கான், இரும்பு மூன்றும் உயர்ந்து நிற்க, அலுமினியமும் கால்சியமும் சின்னதாக, நிக்கல் ஒரு துளி. சோடியமும் கந்தகமும் இல்லை, எரிந்து இறங்கும் சூட்டில் ஆவியாகிப் போகிறவை அவை. காண்ட்ரைட் எனப்படும் பழமையான கல் விண்கற்களின் சேர்மானத்தோடு ஒத்துப்போனது. 456 கோடி ஆண்டுகளுக்கு முன் சூரியக் குடும்பம் உருவானபோது திரண்ட பொருள், எங்கள் தட்டோட்டு இடுக்கில். ஆய்வகத்தில் என்னால் சிறிது நேரம் பேச முடியவில்லை. ஏழாவது மணி பட்டாசு.

படத்தை அம்மாவிடம் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தாள். “பனையோலை விரிஞ்ச மாதிரில்லா இருக்கு” என்றாள். அந்த வரிகளுக்கு அதைவிடப் பொருத்தமாக நான் எதையும் படித்ததில்லை.

இப்போது வேறொன்று நச்சரிக்கிறது. கண்ணாடியாக இறுகிய நுண்விண்கற்களில் காந்தத்துக்குப் பிடி கொடுக்கும் அளவுக்கு இரும்புத் தாது இருப்பதில்லை. மூன்று வருஷமாகக் காந்தத்தில் ஒட்டாதது என்று நான் கொட்டியதில் அவை போயிருக்கும். இந்த ஆடியில் சேர்ந்த மண்ணைக் கழுவிச் சலித்து நான்கு டப்பாவில் வைத்திருக்கிறேன். காந்தம் வைக்காமல், மணி மணியாக, முதல் டப்பாவில் பாதிவரை பார்த்தாகிவிட்டது.