கோட்டின் உண்மை நீளம்

காற்றைக் கொண்டுபோகும் தகரக் குழாய்களைச் செய்யும் டக்ட் வேலையில் சேர்ந்த புதிதில், இந்தத் தொழில் வெட்டுவதிலும் மடிப்பதிலும்தான் இருக்கிறது என்று நினைத்திருந்தேன். கத்தரி கைக்குப் பழகிவிட்டால் போதும், மற்றதெல்லாம் தானாக வந்துவிடும் என்ற எண்ணம். அதனால் முதல் சில மாதங்கள் கத்தரியோடுதான் கழிந்தன. சிவப்புப் பிடி இடப்பக்கம் வளைத்து வெட்ட, பச்சைப் பிடி வலப்பக்கம் வளைத்து வெட்ட, மஞ்சள் நேராக வெட்ட. வாயை முழுக்க மூடாமல் வெட்டிக்கொண்டே போனால்தான் ஓரம் வழவழவென்று வரும். ஒவ்வொரு முறையும் மூடித் திறந்தால் மூடிய இடத்தில் எல்லாம் ஒரு சின்னப் பல் நிற்கும். அந்தப் பல் கையுறையைக் கிழித்துக்கொண்டு விரலுக்குப் போகும். நாங்கள் வெட்டும் 24 கேஜ் ஜி.ஐ. ஷீட், அதாவது துத்தநாகம் பூசிய இரும்புத் தகடு, ஒரு மில்லிமீட்டர் கனம்கூட இல்லாதது. ஆனால் அதன் ஓரம் சவரக் கத்திக்குக் குறைந்ததில்லை.

நேரான டக்ட் செய்வதற்கு இந்தப் பழக்கம் போதும். நாலு பக்கத்தின் அளவையும் கூட்டி, சேர்ப்புக்கு வேண்டியதை விட்டு, கோடு போட்டு மடித்தால் பெட்டி தயார். காற்று திரும்பும் இடத்திலும், அகலம் மாறும் இடத்திலும், சதுரம் வட்டமாகும் இடத்திலும்தான் வேலை ஆரம்பிக்கிறது. எல்போ, ரெட்யூசர், ஆஃப்செட், ஸ்கொயர் டு ரவுண்ட். ஃபிட்டிங் என்று நாங்கள் சொல்வது இவற்றைத்தான். இதில் கத்தரி எடுப்பதற்கு முன்பே நல்லதும் கெட்டதும் முடிவாகிவிடும். ஷீட்டில் அளவெடுத்துக் கோடு போடும் மார்க்கிங் சரியில்லை என்றால் எவ்வளவு அழகாக வெட்டினாலும் அது குப்பைக்குத்தான் போகும்.

நான் தனியாகச் செய்த முதல் ஸ்கொயர் டு ரவுண்ட் இன்னும் அளவு அளவாக நினைவில் இருக்கிறது. ஒரு பக்கம் 400-க்கு 400 சதுரம், மறுபக்கம் 300 விட்டமுள்ள வட்டம், உயரம் 300, எல்லாம் மில்லிமீட்டரில். இரண்டு வாயும் ஒரே நடுக்கோட்டில் இருப்பதால் இந்த வகையிலேயே எளிதானது இதுதான். எங்கள் பட்டறையின் மூத்தவர் அதனால்தான் என்னிடம் கொடுத்தார்.

முதலில் தரையில் முழு அளவில் மேற்பார்வைப் படம் வரைய வேண்டும். சதுரம், அதற்குள் வட்டம். காம்பஸை வட்டத்தின் ஆரத்துக்கே விரித்து வைத்துச் சுற்றி வந்தால் வட்டம் சரியாக ஆறு பங்காகும், அதைப் பாதியாக்கினால் பன்னிரண்டு. சதுரத்தின் ஒவ்வொரு மூலைக்கும் வட்டத்தில் கால் பங்கு, அதாவது மூன்று பங்குகள், நான்கு புள்ளிகள். மூலையிலிருந்து அந்த நான்கு புள்ளிகளுக்கும் கோடு இழுக்க வேண்டும். ஓரத்து இரண்டு கோடுகளும் 206, நடுவில் உள்ள இரண்டும் 143.

அந்த 206-ஐ டேப்பில் பார்த்துவிட்டு அப்படியே ஷீட்டில் போடப் போனேன். மூத்தவர் கையைப் பிடித்தார்.

“தம்பி, இந்தக் கோடு தரையில படுத்திருக்கு. ஃபிட்டிங்ல இது படுத்தா இருக்கும்?”

படுத்திருக்காது. கீழே சதுரத்தின் மூலையில் தொடங்கி, 300 உயரம் ஏறி, மேலே வட்டத்தைத் தொடும். தரையில் நான் பார்த்தது அதன் நிழலை. சுவர் ஓரமாக ஒரு மூலைமட்டத்தை வைத்து, நிற்கும் பக்கத்தில் 300-ம் படுக்கும் பக்கத்தில் 206-ம் குறித்து, இரண்டுக்கும் குறுக்கே டேப்பைப் பிடிக்கச் சொன்னார். 364 வந்தது. 143-க்கு அதே மாதிரி பிடித்தால் 332-ம் சொச்சமும். பள்ளிக்கூடத்தில் பிதாகரஸ் தேற்றத்தை மனப்பாடம் செய்து மதிப்பெண் வாங்கியவன்தான் நான். ஆனால் அது எதற்கு என்று அன்றைக்குத்தான் புரிந்தது. படத்தில் இருக்கும் சாய்ந்த கோடு எதுவும் அதன் உண்மை நீளத்தில் இல்லை. அந்த உண்மை நீளத்தைத் தேடி எடுப்பதுதான் மார்க்கிங். இப்போது யார் கேட்டாலும் எங்கள் தொழில் இதுதான் என்று சொல்வேன். மடிப்பதும் தட்டுவதும் அதற்குப் பின்னால் வருபவை.

அப்புறம் ஷீட்டில் இறங்கினேன். 400-க்கு ஒரு அடிக்கோடு. இரண்டு முனையிலிருந்தும் 364-க்கு வில் போட்டால் இரண்டும் வெட்டிக்கொள்ளும் இடம் வட்டத்தின் முதல் புள்ளி. மூலையிலிருந்து 332, அந்தப் புள்ளியிலிருந்து வட்டத்தின் ஒரு பங்கு, வெட்டும் இடம் அடுத்த புள்ளி. இப்படியே முக்கோணத்தின் மேல் முக்கோணமாகத் தொடுத்துக்கொண்டு போக வேண்டும். கடைசியில் பக்கத்தின் பாதி, 200. அதற்கு நேராக நிற்கும் சேர்ப்புக் கோடு 304. இப்படி இரண்டு பாதிகள் செய்து, தட்டையான பக்கத்தின் நடுவில் இணைப்போம். மூலையில் சேர்ப்பு வந்தால் வளைக்கும்போது அது முரண்டு பிடிக்கும்.

இந்த வரைவுக்குள்ளேயே ஒரு சோதனை இருக்கிறது. கடைசியில் 200-ம் 304-ம் சந்திக்கும் இடத்தில் மூலைமட்டத்தை வைத்தால் சரியாக 90 டிகிரி இருக்க வேண்டும். இல்லையென்றால் உண்மை நீளம் எங்கோ தப்பியிருக்கிறது என்று அர்த்தம். நான் வைத்துப் பார்த்தேன். இம்மி பிசகாமல் உட்கார்ந்தது. அந்த மகிழ்ச்சியில் இரண்டு பாதியையும் வெட்டினேன், மூலைக் கோடுகளில் ஒவ்வொன்றாக லேசாக முறித்து வளைத்தேன், இணைத்தேன். ஃபிட்டிங் கண்ணுக்கு அழகாக வந்துவிட்டது. வட்ட வாயில் சேரும் வளையமான காலரை எடுத்து அதில் பொருத்தப் போனால் உள்ளே போகவில்லை.

திருப்பிப் பார்த்தேன், தட்டிப் பார்த்தேன், காலரைக் கொஞ்சம் நசுக்கியும் பார்த்தேன். சுத்தியலை ஓங்கும்போது மூத்தவர் வந்து வாங்கிக்கொண்டார். திட்டவில்லை. டேப்பை என் கையில் கொடுத்து, “வாயோட சுத்தளவு என்னன்னு பாரு” என்றார். 300 விட்டத்துக்குச் சுற்றளவு 942 இருக்க வேண்டும். என்னுடையது 932 தான் இருந்தது.

பத்து மில்லிமீட்டர் எங்கே போனது என்று அன்று மதியம் முழுக்கத் தேடினேன். 364 சரி, 332 சரி, மூலைமட்டம் சரி. கடைசியில் அவர் டிவைடரை எடுத்து, தரைப் படத்தில் வட்டத்தின் இரண்டு புள்ளிகள் மேல் வைத்தார். நான் பங்கு அளவை எடுத்தது அப்படித்தான். “டிவைடர் இங்கேருந்து அங்கே எந்த வழியில போகுது? குறுக்கு வழியில. ஷீட் எந்த வழியில போகணும்?” என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார்.

ஷீட் வளைந்துதான் போக வேண்டும். குறுக்கே போனால் 77.6, வளைந்து போனால் 78.5. ஒரு பங்கில் ஒரு மில்லிமீட்டர் வித்தியாசம்கூட இல்லை, கண்ணுக்குத் தெரியாது. பன்னிரண்டு முறை சேரும்போது ஏறக்குறைய 11 மில்லிமீட்டர். வாயின் விட்டத்தில் அது 3 மில்லிமீட்டருக்கு மேல். காலர் எப்படிப் போகும்? மூலைமட்டம் சோதித்தது முக்கோணங்களை மட்டும்தான். வட்டத்தைப் பற்றி அது எதுவும் சொல்லவில்லை. சுற்றளவைக் கணக்கில் கண்டுபிடித்து, பன்னிரண்டால் வகுத்து, அந்த அளவுக்கு டிவைடரை விரித்திருக்க வேண்டும். இல்லையென்றால் வட்டத்தை இருபத்து நான்கு பங்காக்கியிருக்க வேண்டும். அப்போது குறைவு 3 மில்லிமீட்டருக்குள் வந்துவிடும். அன்றிலிருந்து எந்த வட்ட வாய்க்கும் பாதி வரைவு முடிந்ததும் வளைவின் மேல் டேப்பைப் படுக்க வைத்துப் பார்க்காமல் கத்தரி எடுப்பதில்லை. 300-க்கு அது 471.

எல்போவின் அழகு வேறு. வட்டக் குழாயை 90 டிகிரி திருப்ப வேண்டும் என்றால் துண்டு துண்டாகச் சாய்த்து வெட்டிச் சேர்ப்போம். ஐந்து துண்டு எல்போவில் இரண்டு முனைத் துண்டுகளும் ஒவ்வொன்று, நடுவில் உள்ள மூன்றும் இரண்டிரண்டு என்று எண்ணினால் மொத்தம் எட்டு. 90-ஐ எட்டால் வகுத்தால் 11.25 டிகிரி. ஒவ்வொரு வெட்டின் சாய்வும் அதுதான். குழாயைச் சாய்த்து வெட்டி விரித்துப் பார்த்தால் ஓரம் நேர்கோடாக இருக்காது, அலை மாதிரி ஏறி இறங்கும். முதல் முறை அதைப் பார்த்தபோது நான் எங்கோ தப்பு செய்துவிட்டேன் என்றே நினைத்தேன். 300 குழாய்க்கு நடு வளைவின் ஆரத்தை 450 வைத்தால், முனைத் துண்டு வெளி வளைவில் 119, உள் வளைவில் 60. நடுத் துண்டுகள் அதன் இரட்டை. ஒரு துண்டின் மேடு அடுத்த துண்டின் பள்ளத்தில் உட்காருவதால், சேர்ப்பு அளவை ஒதுக்கிவிட்டுப் பார்த்தால் ஐந்தும் ஒரே செவ்வகத்துக்குள், நடுவில் கொஞ்சமும் வீணாகாமல் அடங்கிவிடும். நான் மிகவும் ரசிக்கும் வரைவு இதுதான். ஒரு அலையை மட்டும் ஒழுங்காகப் போட்டுவிட்டால் மற்ற அலைகளுக்கு அதுவே அச்சு.

சேர்ப்புக்கு விடும் அளவில் ஏமாந்ததும் உண்டு. சதுர டக்டின் மூலையில் பிட்ஸ்பர்க் லாக் போடுவோம். ஒரு பக்கம் பை போல மடிந்திருக்கும், மறுபக்கத்தின் விளிம்பு அதற்குள் இறங்கும், வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் நாக்கை மேலே தட்டிப் படியவைத்தால் பூட்டிக்கொள்ளும். பைக்குச் சுமார் 25 மில்லிமீட்டர், விளிம்புக்கு 6. எந்த ஓரத்துக்கு எது என்று எழுதி வைக்காமல் வெட்டினால் இரண்டு பையும் எதிரெதிரே வந்து நிற்கும். தட்டும்போதும் ஒரே முனையிலிருந்து இறுக்கிக்கொண்டே போகக் கூடாது. அங்கங்கே ஒரு தட்டு தட்டிப் பிடித்துக்கொண்டு, அப்புறம்தான் முழுக்க மூட வேண்டும்.

கை மாறிப் போவது இதைவிட மோசம். பக்கவாட்டில் விலகும் ஆஃப்செட்டை வரையும்போது, ஷீட்டின் எந்த முகம் உள்ளே வரும் என்று மறந்து மடித்துவிட்டால், வலப்பக்கம் போக வேண்டியது இடப்பக்கம் போகும். எல்லா அளவும் சரியாக இருக்கும், ஃபிட்டிங் மட்டும் கண்ணாடியில் பார்த்த மாதிரி. மேலும் கீழும் ஒரே மாதிரி இல்லாமல், காற்று வரும் பக்கமும் போகும் பக்கமும் வேறு வேறு அளவாகவும் இருந்தால் திருப்பிப் போட்டும் தப்பிக்க முடியாது. அப்படி ஒன்றைச் செய்து, ஒரு முழு ஷீட்டை வீணாக்கி, இரவு தூக்கம் வராமல் கிடந்திருக்கிறேன். அதனால் கோடு போடும் முகத்தில் ‘உள்’ என்றும் மேல் விளிம்பில் ‘மேல்’ என்றும் எழுதி, காற்றின் திசைக்கு ஒரு அம்புக்குறியும் போடுவேன். எத்தனை வருஷ அனுபவம் இருந்தாலும் இந்த மூன்றையும் எழுதியே ஆக வேண்டும் என்பது என் பிடிவாதம்.

காற்றை மறந்து வரைந்தாலும் ஃபிட்டிங் வந்துவிடும், அதனால்தான் பலர் மறக்கிறார்கள். வாய் சுருங்கும் இடத்தில் கொஞ்சம் சரிவு கூடினாலும் காற்று பொறுத்துக்கொள்ளும். விரியும் இடத்தில் பொறுக்காது. சுவரை விட்டுப் பிரிந்து சுழன்று, சத்தம் போட்டு, விசிறியின் உழைப்பைத் தின்னும். இடம் இருக்கும்போது உயரத்தைத் தாராளமாக விட வேண்டும். ஷீட்டை மிச்சம் பிடிக்க ஃபிட்டிங்கைக் குட்டையாக்குவதில் எனக்குச் சம்மதமே கிடையாது.

இப்போது எங்கள் இடத்திலும் பிளாஸ்மா இயந்திரம் வந்துவிட்டது. கம்ப்யூட்டரில் நாலு அளவைத் தட்டினால் வரைவைத் தானே போட்டு, ஷீட்டில் நெருக்கி அடுக்கி, நிமிஷத்தில் வெட்டித் தருகிறது. அதைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. நூறு ஃபிட்டிங் ஒரே அளவில் வேண்டும் என்றால் அதுதான் சரி. ஆனால் வேலை நடக்கும் கட்டடத்தில் படத்தில் இல்லாத உத்தரம் ஒன்று குறுக்கே நிற்கும், அல்லது தண்ணீர்க் குழாய்க்காரர் நமக்கு முன்னால் வந்து இடத்தைப் பிடித்திருப்பார். அப்போது அங்கேயே அளந்து, அங்கேயே வரைய வேண்டியிருக்கிறது.

போன மாதம் அப்படி ஒரு இடத்தில் 300 வட்ட வாய் ஒன்று தேவைப்பட்டது. என்னோடு வந்த பையன் இயந்திரத்திலேயே வேலை பழகியவன். பலகை ஒன்றைத் தரையில் போட்டு, சதுரமும் வட்டமும் வரைந்து கொடுத்துவிட்டு, மற்றதை அவனிடமே விட்டேன். உத்தரத்தின் மேல் மூலைமட்டம் சாய்த்து உண்மை நீளம் எடுத்தான். முக்கோணங்களைத் தொடுத்து முடித்துவிட்டுக் கத்தரி எடுக்கப் போனான். நான் டேப்பை நீட்டினேன். வளைவின் மேல் விரலால் அழுத்தி அழுத்திப் படுக்க வைத்துக்கொண்டே போய், எண்ணைப் பார்த்து, மறுபடி முதலிலிருந்து பார்த்தான்.

“அண்ணே, 466 தான் வருது.”

“சரி, எங்கே போச்சுன்னு பாரு” என்றேன். கத்தரியைக் கீழே வைத்துவிட்டு, டிவைடரை எடுத்துக்கொண்டு பலகையில் இருந்த வட்டத்தின் பக்கத்தில் போய்க் குத்துக்காலிட்டு உட்கார்ந்தான்.