சுருளாக ஏறும் ஓட்டப்பாதை: மாதிரி வேலை இதுவரை

கைவிடப்பட்ட சரக்கு ரயில் முற்றம் ஒன்றையும் அதன் இருபுறமும் பிரிந்து கிடக்கும் குடியிருப்புகளையும் கற்பனையில் வைத்துக்கொண்டு, நடப்பவர்களுக்கும் ஓடுபவர்களுக்குமான உயர்பாதை ஒன்றை 1:200 அளவில் அட்டையில் செய்து வருகிறேன். பாதையே சிற்பமாக நிற்க வேண்டும். ஆனால் அந்த அழகு ஓடுபவரின் காலிலிருந்தும் ஏறி இறங்கும் இடங்களிலிருந்தும் பிறக்க வேண்டுமே தவிர, பார்வைக்காகப் பிறகு ஒட்டப்பட்டதாக இருக்கக் கூடாது என்ற முடிவோடுதான் தொடங்கினேன்.

வடிவத்தை முடிவு செய்தது சாய்தளம். கீழே லாரிகள் செல்ல 5.5 மீட்டர் இடைவெளி விட்டு, தளத்தின் கனத்தையும் சேர்த்தால் 6.5 மீட்டர் ஏற வேண்டும். சக்கர நாற்காலிக்கு 1:12 சரிவு (12 மீட்டர் நீளத்துக்கு 1 மீட்டர் ஏற்றம்) போதும் என்று பல இடங்களில் விதி இருந்தாலும், தன் கையாலேயே சக்கரத்தை உருட்டி ஏறுபவருக்கும் ஓடிக் களைத்தவருக்கும் 1:20தான் இதமானது. அப்படிக் கணக்கிட்டால் இளைப்பாறும் சமதளங்கள் இல்லாமலே 130 மீட்டர் நீளம் வேண்டும். நேராக நீட்டினால் முற்றத்தை இரண்டாகப் பிரிக்கும் சுவராகிவிடும். ஆகவே 24 மீட்டர் விட்டமுள்ள சுருளாக வளைத்தேன். ஒரு சுற்றில் ஏறத்தாழ 75 மீட்டர் ஓடி 3.75 மீட்டர் உயரலாம்; கீழ்ச்சுற்றில் செல்பவரின் தலைக்கு மேலும் போதிய இடம் இருக்கிறது. நான் தேடிய சிற்பம் இதுவே.

வளைந்த தளம் சுமையை ஏற்கும்போது முறுக்கிக்கொள்ளும். இதைக் கையாலேயே உணர முடிந்தது: ‘ப’ வடிவில் மடித்த அட்டைத் துண்டு இரு விரலுக்கே முறுக்கிக்கொண்டது, திறந்த முகத்தையும் அட்டையால் மூடிப் பசை காய்ந்தபின் அதே துண்டு அசைய மறுத்தது. தளத்தின் அடியில் நான்கு பக்கமும் மூடிய பெட்டி உத்தரத்தைத் தேர்ந்தெடுக்க இதைவிட வேறு காரணம் தேவைப்படவில்லை.

அதிர்வை அட்டை காட்டாது, அதற்குக் கணக்குதான். நடப்பவர் நொடிக்கு ஏறத்தாழ 2 காலடி வைக்கிறார், ஓடுபவர் 3 வரை வைக்கிறார். தளத்தின் இயல்பு அதிர்வெண் (தட்டிவிட்டால் அது தானாக நொடிக்கு எத்தனை முறை அதிரும் என்பது) இதற்கு அருகில் வந்தால் பாதை துள்ளும். பக்கவாட்டு ஆட்டமும் கவனிக்கத்தக்கது. லண்டன் மில்லேனியம் பாலம் 2000ஆம் ஆண்டு திறந்த இரண்டே நாளில் அதனால்தான் மூடப்பட்டு, அதிர்வடக்கிகள் பொருத்தப்பட்டு 2002இல் மீண்டும் திறக்கப்பட்டது.

மேற்பரப்புக்கு 2015இல் திறக்கப்பட்ட சிகாகோவின் பழைய உயர்மட்ட ரயில் தடத்தில் அமைந்த புளூமிங்டேல் பாதையைப் பின்பற்றுகிறேன்: நடுவே கான்கிரீட், இரு ஓரங்களிலும் முழங்காலுக்கு இதமான மென்பட்டை.

ஆனால் ஒரு பகுதிக்கு உயிர் திரும்புவது மேலே அல்ல, கீழேதான் என்று நம்புகிறேன். பாரிஸில் பழைய ரயில் வளைவுகளின் மேல் பூங்கா நடைபாதை ஓட, அவற்றின் அடியில் கைவினைப் பட்டறைகளும் கடைகளும் இயங்குகின்றன. தெருவில் செல்பவருக்கும் அங்கே நிற்கக் காரணம் இருக்கிறது. என் சுருளின் அடியிலும் பட்டறைகளைப் பொருத்திப் பார்க்கிறேன். தளத்தின் அடிப்பாகம் 2.1 மீட்டருக்குக் கீழே இருக்கும் முதல் 62 மீட்டரில் மட்டும், பார்வையற்றவர் தலை இடித்துக்கொள்ளாதபடி, அடர்ந்த புதர்ப் பாத்தி அமைத்து வழியை அடைக்கிறேன்.