எட்டாயிரம் ரூபாய்க்குள் கொல்லிமலை இறங்க ஒரு பிரேக்

போன ஐப்பசியில், விடிகாலை மழை விட்ட ஒரு ஞாயிற்றுக்கிழமை, கொல்லிமலை மேலே உள்ள சோளக்காட்டிலிருந்து அடிவாரத்துக் காரவள்ளிக்குச் சைக்கிளில் இறங்கிக்கொண்டிருந்தேன். மொத்தம் 70 கொண்டை ஊசி வளைவுகள். பாதிக்கு மேல் தாண்டியாகிவிட்டது. ஒரு வளைவுக்கு முன்னால் முன் பிரேக்கைப் பிடித்தால் லீவர் நேராக வந்து கைப்பிடியில் ஒட்டிக்கொண்டது. சைக்கிள் வேகம் குறையவில்லை. கீழே இருந்து மினி பஸ் ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டே ஏறி வருகிறது. பின் பிரேக்கை மட்டும் பிடித்தேன். பின் டயர் ஈரத்தில் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு போனது. வேறு வழியில்லாமல் மலைப்பக்கம் இருந்த புல் மூடிய வாய்க்காலுக்குள் சைக்கிளை விட்டேன். முழங்கையில் தோல் போனது, அவ்வளவுதான். பஸ் டிரைவர் நிறுத்தி, "ஏனுங் தம்பி, அடி பட்டுருச்சா?" என்று கேட்டுத் தண்ணீர் கொடுத்துவிட்டுப் போனார்.

அன்று காலையில்தான் காரவள்ளி டீக்கடையில் நின்று கேபிளை இழுத்துச் சரிசெய்திருந்தேன். அதனால் கவனக்குறைவு என்று சொல்ல முடியாது. அந்தப் பிரேக்கின் அமைப்பே அப்படி. டிஸ்க் பிரேக்கில் சக்கரத்தோடு சுற்றும் தகட்டை இரண்டு பக்கமும் பேட் என்ற உராய்வுக் கட்டை அழுத்திப் பிடிக்கும். கேபிளில் இயங்கும் சாதாரண டிஸ்க் பிரேக்கில் பெரும்பாலும் ஒரு பக்க பேட் மட்டும்தான் நகரும். மற்றது அசையாமல் நிற்கும். பேட் தேயத் தேய நாம்தான் நிறுத்தி நிறுத்தித் திருகைத் திருப்பி, தேய்ந்த அளவை ஈடுகட்ட வேண்டும். கொல்லிமலையின் சிவந்த சேறு மழையோடு சேர்ந்து தகட்டில் ஏறினால் பேடை உப்புத்தாள் போட்டுத் தேய்த்த மாதிரி தின்றுவிடும். ஒரே இறக்கத்தில் சரிசெய்த அளவு காலியாகிவிட்டது.

நான் திருச்செங்கோட்டில் போர்வெல் ரிக் வண்டிகளுக்கு ஹைட்ராலிக் வேலை பார்ப்பவன். பதினாலு வருஷமாக ஹோஸ், சிலிண்டர், ஆயில் சீல், ஓ-ரிங், இதுதான் பிழைப்பு. டன் கணக்கில் தூக்கும் ஜாக்கியை ஆயிலை நம்பி நிறுத்துகிற நான், என் உயிரை ஒரு கம்பிக் கேபிளில் தொங்கவிட்டிருந்தேன் என்பது அன்றைக்கு ராத்திரி முழுக்க மனசில் ஓடியது. மறுநாளே ஹைட்ராலிக் டிஸ்க் தேட ஆரம்பித்தேன். ஆனால் பட்ஜெட் எட்டாயிரம். அதற்கு மேல் ஒரு ரூபாய் கிடையாது.

முதலில் அந்தச் சின்னப் பிரேக்குக்குள் என்ன நடக்கிறது என்று சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் எனக்கு இதில் ரொம்பப் பிடித்தது அந்த இடம்தான். லீவரில் ஒரு சின்ன பிஸ்டன், தகட்டைக் கவ்வி நிற்கும் காலிப்பரில் இரண்டு பக்கமும் பெரிய பிஸ்டன். கையில் 10 மி.மீ., காலிப்பரில் 22 மி.மீ. விட்டம் என்று வைத்துக்கொண்டால், பரப்பளவுக் கணக்கில் ஒவ்வொரு பக்கமும் கிட்டத்தட்ட ஐந்து மடங்கு விசை. இது எல்லா ஜாக்கியிலும் உள்ள கணக்குதான். விசேஷம் பிஸ்டனைச் சுற்றியிருக்கும் சீலில் இருக்கிறது. அது வட்டமான ஓ-ரிங் இல்லை. வெட்டிப் பார்த்தால் சதுரமாக இருக்கும். பிரேக் பிடிக்கும்போது பிஸ்டனோடு சேர்ந்து அந்த ரப்பரும் கொஞ்சம் வளைந்து கொடுக்கும். விட்டதும் நிமிரும்போது பிஸ்டனையும் கூடவே இழுத்துக்கொள்ளும். ஸ்பிரிங்கை விட அந்த ரப்பரின் முறுக்குதான் பேடைத் தகட்டிலிருந்து விலக்குகிறது. பேட் தேய்ந்துபோனால் ரப்பர் வளையக்கூடிய எல்லையைத் தாண்டி பிஸ்டன் வழுக்கி ஒரு மயிரிழை முன்னால் போய் அங்கேயே புது இடம் பிடித்துக்கொள்ளும். குறைகிற ஆயில் லீவருக்கு மேல் உள்ள தொட்டியிலிருந்து வந்துவிடும். திருகைத் திருப்ப ஆள் வேண்டாம். பேட் தேய்ந்துகொண்டே போனாலும் லீவர் ஒரே இடத்தில்தான் பிடிக்கும். அந்த வளைவில் எனக்கு இல்லாமல் போனது இது ஒன்றுதான்.

சரி, எதை வாங்குவது? ஆன்லைனில் மூவாயிரத்துக்குக் கீழே பெயர் கேள்விப்படாத செட்கள் கொட்டிக் கிடக்கின்றன. நாலு பிஸ்டன், பளபளக்கும் நிறம், படத்தில் எல்லாம் அழகு. நான் ஒதுக்கிவிட்டேன். தொழிலில் கற்ற பாடம்: மெஷின் வாங்கும் முன் அதன் சீல் கிட் எங்கே கிடைக்கும் என்று கேள். பிரேக்கில் சீல் கிட் இடத்தில் பேடும் ஆயிலும். ஆறு மாதத்தில் பேட் தேயும்போது அதே வடிவப் பேட் ஈரோட்டிலோ சேலத்திலோ கடையில் கிடைக்காவிட்டால் அந்தப் பிரேக் வெறும் இரும்புத்துண்டு.

அந்தக் கேள்வியை வைத்துச் சலித்தால் என் பட்ஜெட்டில் இரண்டு பெயர்கள்தான் மிஞ்சின. ஒன்று ஷிமானோ எம்டி200. இன்னொன்று டெக்ட்ரோ எம்275. இரண்டும் ஒவ்வொரு காலிப்பரிலும் இரண்டு பிஸ்டன், இரண்டும் மினரல் ஆயில். புது சைக்கிள்களில் கம்பெனியே மாட்டிக் கொடுப்பதால் கடைக்காரர்களுக்கும் பழக்கம். எம்டி200க்குப் போடும் பி01எஸ் வகைப் பேட் பல வருஷமாக மாறாத வடிவம். கியர் சைக்கிள் விற்கும் கடைகளில் கேட்டால் டப்பாவிலிருந்து எடுத்துக் கொடுப்பார்கள். இன்னும் காசு இருந்திருந்தால் ஷிமானோவிலேயே டியோர் எம்6100 போயிருப்பேன். லீவர் குட்டையாக ஒரு விரலுக்குக் கச்சிதமாக இருக்கும், பிடிக்கும் அளவும் நுணுக்கமாகத் தெரியும். எம்டி200 லீவர் நீளம், கொஞ்சம் பழைய பாணி. எனக்கு அது பெரிய குறையாகத் தெரியவில்லை. நாலு பிஸ்டன் பிரேக் நல்லதுதான். நூறு கிலோ ஆளுக்கும், சுமை கட்டிக்கொண்டு போகிறவருக்கும், கல்லும் வேருமான காட்டுப்பாதையில் வேகமாக இறங்குகிறவருக்கும் அது தேவை. 72 கிலோ இருக்கிற எனக்கு அந்தக் காசை வேறு இடத்தில் போடுவது மேல் என்று பட்டது. எங்கே என்று பின்னால் சொல்கிறேன்.

ஆயில் விஷயத்தை மட்டும் கொஞ்சம் அழுத்திச் சொல்ல வேண்டும். ஷிமானோ, டெக்ட்ரோ, மகுரா எல்லாம் மினரல் ஆயில். ஸ்ராமின் பல மாடல்களில் டாட் 5.1 என்ற வேறு வகை ஆயில். பைக், கார் பிரேக்கில் ஊற்றுவது பெரும்பாலும் டாட் 3 அல்லது டாட் 4. இரண்டு குடும்பமும் ஒன்றோடொன்று சேரவே சேராது, ஏனென்றால் உள்ளே இருக்கும் ரப்பரே வேறு. என் மச்சினன் தன் சைக்கிளை ஆயில் மாற்ற ஒரு டூவீலர் பட்டறையில் விட்டான். அவர்கள் பைக் பிரேக் ஆயிலை ஊற்றிக் கொடுத்துவிட்டார்கள். இரண்டு வாரத்தில் லீவர் பிடித்தால் திரும்பவில்லை, சக்கரம் இறுகிக்கொண்டது. என்னிடம் கொண்டுவந்தான். காலிப்பரைக் கழற்றி, ஏர் கொடுத்துத்தான் பிஸ்டனை வெளியே தள்ள முடிந்தது. சதுரமாக இருக்க வேண்டிய சீல் ஊற வைத்த மொச்சை மாதிரி உப்பி, விளிம்பு உருண்டு, நகத்தால் அழுத்தினால் தடம் விழுந்தது. அந்தச் சீல் தனியாக விற்பனைக்கு வருவதில்லை. மொத்த பிரேக்கையும் மாற்ற வேண்டியதாயிற்று. அதே போல ரிக்குக்கு ஊற்றும் 68 கிரேடு ஹைட்ராலிக் ஆயில் என் பட்டறையில் பேரல் பேரலாக இருக்கிறது. அதுவும் மினரல்தானே, ஊற்றலாமா என்று கேட்கும் நண்பர்களுக்கும் சொல்கிறேன்: வேண்டாம். அது கெட்டி. பென்சில் முனை அளவுகூட இல்லாத ஹோஸ் துளைக்குள் அதற்கு வேலையில்லை. கம்பெனி சொல்கிற ஆயில் ஒரு சின்ன பாட்டில் வாங்கினால் வருஷக்கணக்கில் வரும்.

எம்டி200 முன்னும் பின்னும் சேர்த்து 5,400 ரூபாய்க்குக் கிடைத்தது, ஆயில் நிரப்பி, ஹோஸ் மாட்டியே வந்தது. ஆர்டர் போடும் முன் நல்லவேளை ஒன்றைக் கவனித்தேன். நம் ஊரில் வலது கை முன் பிரேக், பைக் மாதிரியே. ஐரோப்பாவுக்குப் போகும் செட்களில் இடது லீவரில் முன் ஹோஸ் இருக்கும். வலது லீவரில் நீள ஹோஸ் வந்தால், அதை மாற்ற ஹோஸைக் கழற்ற வேண்டும், ஹோஸ் முனையை இறுக்கும் புது ஆலிவும் (வளையம்) இன்சர்ட்டும் (உள்குழாய்) வேண்டும், மறுபடி ஏர் எடுக்க வேண்டும். நான் விற்றவருக்கு போன் போட்டு, "வலது லீவர்ல இருக்கற ஹோஸ் குட்டையா நீளமாங்க, டேப் வெச்சு அளந்து சொல்லுங்க" என்று கேட்டு உறுதிப்படுத்திக்கொண்ட பிறகுதான் பணம் அனுப்பினேன்.

இன்னொரு செலவு பலருக்கும் கடைசியில்தான் தெரியவரும். குறைந்த விலை சைக்கிள்களில் கியர் ஷிஃப்ட்டரும் பிரேக் லீவரும் ஒரே உடம்பாக ஒட்டி வரும். ஷிமானோ இஎஃப்500 அப்படித்தான். பிரேக் லீவரைக் கழற்றினால் ஷிஃப்ட்டரும் போய்விடும். எனக்கு அதுதான் இருந்தது. தனி ஷிஃப்ட்டர் ஜோடி 1,300 ஆயிற்று. உங்கள் ஹேண்டில்பாரை ஒருமுறை குனிந்து பார்த்துவிட்டுக் கணக்குப் போடுங்கள்.

மீதிப் பணத்தை முன் சக்கரத் தகட்டில் போட்டேன். 160 மி.மீ. இருந்த இடத்தில் 180 மி.மீ. ரோட்டரும் அதற்கான அடாப்டரும், 1,250 ரூபாய். அதே கைவிசைக்கு எட்டில் ஒரு பங்கு பிடிமானம் கூடுகிறது, அதோடு சூடு ஆற இரும்பும் கூடுகிறது. சூடுதான் மலையில் பெரிய விஷயம். சைக்கிளும் நானும் பையும் சேர்த்து 90 கிலோ, இறக்கம் 1,000 மீட்டர் என்று கணக்குப் போட்டால், அந்தச் சக்தியைக் கொண்டு மூன்று லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்கலாம். காற்றும் டயரும் ஒரு பங்கை எடுத்துக்கொள்ளும். மிச்சம் அத்தனையும் இரண்டு மி.மீ. கூட கனமில்லாத இரண்டு தகடுகளில்தான் இறங்குகிறது. அதனால்தான் வளைவுக்கு முன்னால் அழுத்திப் பிடித்து, வளைவில் விட்டு, தகட்டை ஆறவிட்டு இறங்க வேண்டும். மேலிருந்து கீழ்வரை லேசாகப் பிடித்துக்கொண்டே வந்தால் பேடின் மேல்பரப்பு கண்ணாடி மாதிரி ஆகிவிடும். பெரிய ரோட்டர் போடும் முன் உங்கள் ஃபோர்க் எத்தனை மி.மீ. வரை தாங்கும் என்று பாருங்கள். தகடு ஹப்பில் ஆறு போல்ட்டில் மாட்டுவதா, நடுவில் ஒரே வளையத்தால் இறுக்கும் சென்டர் லாக்கா என்பதையும் பாருங்கள். பின் பக்கம் பழைய 160 ரோட்டரையே வைத்துக்கொண்டேன். வெர்னியரில் 1.7 மி.மீ. காட்டியது. 1.5க்கு வந்தால் ஷிமானோ மாற்றச் சொல்கிறது.

விலை குறைந்த ரோட்டர்களில் உள்பக்கக் கம்பிகளில் பொடி எழுத்தில் 'ரெசின் பேட் ஒன்லி' (பிசின் கலவைப் பேட் மட்டும்) என்று வெட்டியிருக்கும். அந்தத் தகட்டில் மெட்டல் பேட் போட்டால் தகடு சீக்கிரம் தேய்ந்துவிடும். மழைச் சேற்றில் மெட்டல் பேட்தான் நாள் நிற்கும் என்பது உண்மை. ஆனால் அதற்கு ஷிமானோ ஆர்டி66 போல மெட்டலைத் தாங்கும் ரோட்டரும் வேண்டும். நான் இப்போதைக்கு ரெசினிலேயே இருக்கிறேன். சத்தம் இல்லை.

மாட்டியது என் பட்டறையிலேயே, ஒரு சாயங்காலம். ரோட்டர் போல்ட்டுக்கு டி25 நட்சத்திர முனைச் சாவி. தகட்டையும் பேடையும் வெறும் கையால் தொடவில்லை. ரிக் வேலை செய்கிற கை, ரேகைக்குள் எல்லாம் ஆயில். ஒரு சொட்டு பேடில் ஊறினால் பிரேக் கத்தும், பிடிக்காது. ஐசோபுரப்பைல் ஆல்கஹாலில் நனைத்த புதுத் துணியால் தகட்டைத் துடைத்தேன். காலிப்பர் போல்ட்டைத் தளர்த்தி, லீவரை அழுத்திப் பிடித்துக்கொண்டே முறுக்கினால் தானாக நடுவில் வந்து நிற்கும் என்பார்கள். பாதிதான் வந்தது. கீழே ஒரு வெள்ளைத் தாளை வைத்து, மேலிருந்து பார்த்தேன். தகட்டுக்கும் பேடுக்கும் நடுவில் இரண்டு பக்கமும் ஒரே அளவு வெளிச்சக் கோடு தெரிய வேண்டும். இடது பக்கம் கோடே இல்லை. நூலளவு நகர்த்தி முறுக்க, கோடு வந்தது. சக்கரத்தைச் சுற்றிவிட்டால் சத்தமே இல்லாமல் ஓடியது. பக்கத்தில் ரிக் வேலை செய்துகொண்டிருந்த பையன்கூட வந்து காதை வைத்துக் கேட்டான்.

அவனுக்கும் சொன்னேன், இங்கேயும் சொல்கிறேன்: சக்கரம் கழற்றி இருக்கும்போது லீவரைப் பிடிக்காதீர்கள். நடுவில் தகடு இல்லாமல் பிஸ்டன் வெளியே வந்துவிடும். பஸ்ஸிலோ காரிலோ ஏற்றும்போது பேட்களுக்கு நடுவில் அட்டையை மடித்துச் செருகிவிடுங்கள்.

மறுநாள் சங்ககிரி ரோட்டில், வண்டி குறைவான நேரம் பார்த்து, வேகம் எடுத்து மெல்லப் பிடித்து, நிற்கும் முன் விட்டு, இப்படி முன்னுக்கு இருபது, பின்னுக்கு இருபது முறை. முதல் ஐந்தாறு தடவை ஏமாற்றமாகத்தான் இருக்கும், பிடிக்கிற மாதிரியே தெரியாது. பத்தைத் தாண்டியதும் பேடின் பொருள் தகட்டில் ஒரு படலமாக ஏறி, கடிக்க ஆரம்பித்தது. இதைச் செய்யாமல் நேராக மலைக்குக் கொண்டுபோகாதீர்கள்.

கார்த்திகை, மார்கழியில் மூன்று தடவை கொல்லிமலை இறங்கிவிட்டேன், ஒரு தடவை நல்ல மழையில். அந்த வளைவில் வேண்டுமென்றே நடுவில் பிடித்து நிறுத்திப் பார்த்தேன். இரண்டு விரல்தான். லீவர் காரவள்ளி வரும்வரை ஒரே இடத்தில் பிடித்தது. கீழே அதே டீக்கடையில் உட்கார்ந்து பேடைக் கழற்றி அளந்தேன். முன்னால் 1.4 மி.மீ., பின்னால் 1.1. உராயும் பகுதி 0.5க்கு வந்ததும் மாற்ற வேண்டும். பின் பேட் ஒரு ஜோடியை சேலத்தில் வாங்கிப் பையில் போட்டிருக்கிறேன், தை மாதம் அறப்பளீசுவரர் கோயில் வரை போகும்போது தேவைப்படும்.